காசு போட்டது மக்கள், பத்திரம் ஆயர் பேரில்: சிகாகோ ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கின் வரலாறு

குறிஞ்சிமலர்

சிகாகோவில் கென்னடி எக்ஸ்பிரஸ்வேயில் டவுன்டவுன் நோக்கி வண்டி ஓட்டியவர்கள் இந்தக் கோவிலைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். டிவிஷன் தெரு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சாலையை ஒட்டி, கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கும் பெரிய செங்கல் கோவில். இரண்டு கோபுரங்களில் ஒன்றுக்கு மேல்முடி இருக்கும், மற்றதற்கு இருக்காது. 1964இல் இடி விழுந்து போனது, திரும்பக் கட்டவில்லை. இதுதான் புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா கோவில், சிகாகோவில் போலந்துக்காரர்கள் தொடங்கிய முதல் பங்கு (ஒரு கோவிலையும் அதன் மக்களையும் சேர்த்துக் கத்தோலிக்கர்கள் சொல்லும் பெயர்).

ஷெர்மன் என்று பெயரை மாற்றிக்கொண்ட ஸ்மகோர்ஜெவ்ஸ்கியும் பீட்டர் கியோல்பாசாவும் இன்னும் சிலரும் சேர்ந்து 1864இல் ஸ்தனிஸ்லாஸ் பெயரில் ஒரு சங்கம் வைத்தார்கள். அப்போது அவர்களுக்குச் சாமியாரும் இல்லை, கோவிலும் இல்லை. ஜெர்மன்காரர்களின் கோவிலில்தான் பூசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1867இல் பங்கு உருவானது. முதலில் மரக்கட்டடம், அப்புறம் 1877இல் தொடங்கி 1881இல் முடிந்த இப்போதைய கோவில். வரைபடம் புரூக்ளினைச் சேர்ந்த பேட்ரிக் கீலி என்ற ஐரிஷ்காரர் போட்டது. 1890களின் கடைசியில் இந்த ஒரு பங்கில் சுமார் 8,000 குடும்பங்கள், 40,000 பேர். ஞாயிற்றுக்கிழமை மேல்கோவிலில் ஆறு பூசை, கீழ்க்கோவிலில் ஆறு பூசை. உலகத்திலேயே பெரிய கத்தோலிக்கப் பங்குகளில் ஒன்று என்று அப்போது எழுதினார்கள்.

எல்லாப் பங்கு வரலாறுகளிலும் இந்த எண்ணிக்கைகள் வரும், ஜன்னல் கண்ணாடி மியூனிக்கிலிருந்து வந்தது வரும், பங்குத்தந்தை வின்சென்ட் பார்ஜின்ஸ்கியின் படம் வரும். ஆனால் சில தெரு தள்ளி இருக்கும் திரித்துவக் கோவிலோடு இருபது ஆண்டு நடந்த சண்டையை மட்டும் இரண்டு வரியில் கடந்துபோவார்கள், ஏதோ வீட்டு அவமானத்தை விருந்தாளி முன்னால் மறைப்பது போல. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்தச் சண்டைதான் இந்தப் பங்கின் உயிர். நாள் கூலி ஒரு டாலரும் ஒன்றரை டாலரும் வாங்கியவர்கள் கட்டிய கோவில் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டு இந்த மக்களின் வரலாற்றை எழுத முடியாது. இதைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

மேற்குக்காற்று

நல்ல தொடக்கம், ஆனால் பார்ஜின்ஸ்கி பக்கத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும்.

இவர் போலந்தின் 1863 எழுச்சியில் ரஷ்யாவுக்கு எதிராக வேலை செய்து தப்பி ஓடியவர். பிறகு உயிர்த்தெழுதல் சபை என்ற துறவறச் சபையில் சேர்ந்தார். அந்தச் சபையே 1830 எழுச்சி தோற்றபின் நாட்டை விட்டு வெளியேறிய போலிஷ்காரர்கள் 1836இல் பாரீசில் தொடங்கியதுதான். டெக்சாஸில் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு 1874இல் சிகாகோ வந்தவர், 1899இல் சாகும்வரை இந்தப் பங்கை நடத்தினார். அந்த இருபத்தைந்து ஆண்டில் அவர் செய்ததைப் பாருங்கள். வார்டு வார்டாகப் புதுப் போலிஷ் பங்குகள், ஆண்களுக்கு ஒரு கல்லூரி, நாசரேத் திருக்குடும்பக் கன்னியரை 1885இல் வரவழைத்தது, அவர்கள் பிறகு நடத்திய மருத்துவமனை, 1890இல் தொடங்கி 1971 வரை வந்த ‘ஜென்னிக் சிகாகோஸ்கி’ நாளிதழ். ஊரும் தெரியாமல் மொழியும் தெரியாமல் ரயிலடியில் வந்து இறங்கியவனுக்கு வேலை, கடன், பள்ளி, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் இருந்தது என்றால் அதற்குக் காரணம் இந்த மனிதர். எல்லோரும் கூடி ஓட்டுப் போட்டு முடிவெடுத்திருந்தால் இதில் பாதி கூட நடந்திருக்காது.

குறிஞ்சிமலர்

மேற்குக்காற்று சார், அவர் செய்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தகவலை விட்டுவிட்டீர்கள். 1871இல் சிகாகோ ஆயர் (பிஷப்) தாமஸ் ஃபோலி உயிர்த்தெழுதல் சபையோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். சிகாகோவின் போலிஷ் பங்குகளை 99 ஆண்டுக்கு அந்தச் சபை கவனிக்கும் என்று. 99 ஆண்டு! அன்று பங்கைச் சுற்றி நோபிள் தெருவில் குடியிருந்த ஒருவரையும் கேட்காமல்.

‘க்மினா போல்ஸ்கா’ என்று இன்னொரு சங்கம் இருந்தது. பழைய எழுச்சிகளில் சண்டையிட்டவர்கள், பத்திரிகை படித்தவர்கள், போலந்து விடுதலையே முதல் வேலை என்று நினைத்தவர்கள். அவர்கள் தங்கள் பணத்தில் இடம் வாங்கி 1873இல் திரித்துவக் கோவிலைக் கட்டினார்கள். எங்கள் பத்திரம் எங்களிடம் இருக்கும், சாமியாரை நாங்கள் கேட்டு வாங்குவோம், உயிர்த்தெழுதல் சபை வேண்டாம் என்றார்கள். பார்ஜின்ஸ்கி, இல்லை, அது ஸ்தனிஸ்லாஸின் கிளைக் கோவில்தான் என்றார். கோவில் பூட்டப்பட்டது, திறக்கப்பட்டது, மறுபடி பூட்டப்பட்டது. கடைசியில் 1893இல் போப்பின் பிரதிநிதி பேராயர் சத்தோலி நேரில் வந்து திறந்து வைத்து, நோட்டர்டாமில் இருந்த திருச்சிலுவை சபையிடம் கொடுத்தார். அப்போது வந்த கசிமிர் ஷ்துச்கோ சாமியார் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே பங்குத்தந்தையாக இருந்தார்.

இலினாய் சட்டம் இதில் முக்கியம். சிகாகோ ஆயர் என்ற பதவியே சட்டப்படி ஒரு நிறுவனம். ஆள் மாறினாலும் சொத்து பதவியின் பேரிலேயே இருக்கும். அதாவது நீங்கள் செங்கல் செங்கலாகக் காசு கொடுத்துக் கட்டுவீர்கள், முடிந்ததும் பத்திரத்தை ஆயர் பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோவிலை மந்திரிக்க மாட்டார்கள். திரித்துவக் கோவில்காரர்கள் இருபது ஆண்டு மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.

பாலைவழி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு அடிப்படையான ஒரு சந்தேகம். எல்லோரும் கத்தோலிக்கர்கள், பூசை எங்கே பார்த்தாலும் லத்தீனில்தான். ஐரிஷ் கோவிலுக்கோ ஜெர்மன் கோவிலுக்கோ போனால் என்ன? கூலி வேலை செய்தவர்கள் எதற்காக இவ்வளவு கஷ்டப்பட்டுத் தனிக்கோவில் கட்டினார்கள்?

அருள்மொழி

பாலைவழி தம்பி, பூசை லத்தீன்தான், ஆனால் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது, லத்தீனில் செய்ய முடியாதே. பிரசங்கமும் அப்படித்தான். சாகக் கிடக்கிற அம்மா தன் மனதில் உள்ளதைத் தெரியாத மொழியில் எப்படிச் சொல்வாள்? குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெயரைச் சரியாக எழுதத் தெரிந்த சாமியாராவது வேண்டும்.

இன்னொன்று, இந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். 1795க்குப் பிறகு போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. ஸ்தனிஸ்லாஸ் பங்குக்கு முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் பிரஷ்யப் பகுதிக்காரர்கள், கஷுபியர்களும் (பால்டிக் கடலோரத்தில் வாழும் ஒரு சிறு இனத்தவர்) நிறைய. 1870களில் பிஸ்மார்க் அங்கே கத்தோலிக்கத் திருச்சபையை நெருக்கினார், ஆயர்களைச் சிறையில் போட்டார், பள்ளியில் போலிஷ் மொழியை ஒழித்தார். ஜெர்மன் பள்ளியிலிருந்து தப்பித்து வந்தவரை ஜெர்மன் கோவிலில் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னால் ஒத்துக்கொள்வாரா? நாடு இல்லாதவர்களுக்குப் பங்குதான் நாடு. அந்தப் பகுதிக்கே ‘ஸ்தனிஸ்லாவோவோ’ என்றுதான் பெயர், திரித்துவக் கோவில் பக்கம் ‘த்ரூய்ட்சோவோ’. ஊர்ப்பெயர் மாதிரி.

ஐரிஷ்காரர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஆயர் பதவிகளில் பெரும்பாலும் அவர்கள்தான். இத்தனை லட்சம் போலிஷ் கத்தோலிக்கர்கள் இருந்தும் முதல் போலிஷ் ஆயர் பால் ரோடே 1908இல்தான் வந்தார், அதுவும் சிகாகோவில் துணை ஆயராக.

பாலைவழி

நன்றி அக்கா. இப்போது புரிகிறது. பாவசங்கீர்த்தனம் எனக்குத் தோன்றவே இல்லை.

மிச்சிகன்வாசி

குறிஞ்சிமலர், சிகாகோ சண்டை பெரிதுதான், ஆனால் டெட்ராய்ட்டில் ஆளே செத்திருக்கிறார். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

செயிண்ட் ஆல்பர்டஸ் டெட்ராய்ட்டின் முதல் போலிஷ் பங்கு. 1882இல் டொமினிக் கோலாசின்ஸ்கி என்ற சாமியார் பங்குத்தந்தையாக வந்தார். நன்றாகப் பிரசங்கம் வைப்பார், மக்கள் உயிரையே விடுவார்கள். 1885இல் பிரமாண்டமான புதுக்கோவிலைக் கட்டி முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் கணக்கு வழக்கு, நடத்தை என்று பல குற்றச்சாட்டுகளைச் சொல்லி ஆயர் போர்ஜஸ் அவரைப் பணிநீக்கம் செய்தார். அவருக்குப் பதிலாகப் பூசை வைக்க வந்தவர் ஜோசப் டோம்ப்ரோவ்ஸ்கி, சாதாரண ஆள் இல்லை. ஃபெலிசியன் கன்னியரை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர், போலிஷ் குருமடத்தைத் தொடங்கியவர். அவரையே பெண்கள் கூட்டமாகப் போய்ப் பீடத்தை விட்டு விரட்டினார்கள். போலீஸ் வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருவில் நடந்த மோதலில் ஓர் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். கோவில் ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது.

கோலாசின்ஸ்கி டகோட்டா பக்கம் போய்விட்டு 1888 கடைசியில் திரும்பி வந்தார். அவருடைய மக்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்! கொஞ்சம் தள்ளி இடம் வாங்கி மரியாயின் இனிய இருதயக் கோவில் என்று முன்னதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள், ஆயரின் அனுமதியே இல்லாமல். 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் திறந்தார்கள். 1894இல் சமரசம் ஆனது. 1897இல் கடன் கட்ட முடியாமல் கோவில் ஏலத்துக்குப் போய், மக்கள் மறுபடி பணம் திரட்டி மீட்டார்கள். இன்றும் அங்கே பூசை நடக்கிறது. நான் சிகாகோ கோவிலையும் பார்த்திருக்கிறேன், இதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் இனிய இருதயக் கோவில்தான் எனக்கு ஒரு படி மேல்.

மேற்குக்காற்று

இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். ஒரு சாமியார் மேல் உள்ள பிரியத்தில் பக்கத்திலேயே இரண்டு மகா பெரிய கோவில், இரண்டுக்கும் கடன், ஏலம், சாவு. மக்கள் விருப்பம் என்ற பெயரில் நடந்ததற்கெல்லாம் யார் விலை கொடுத்தார்கள்? அதே தொழிலாளிதானே. பத்திரம் ஆயர் பேரில் இருப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நாளைக்கு ஒரு சாமியாரோ நாலு பெரிய மனிதர்களோ கோவிலை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது.

ஏரிக்கரை

மில்வாக்கியிலிருந்து ஒரு தகவல். கடனைப் பற்றிப் பேசினால் எங்கள் செயிண்ட் ஜோசபாத்தை விட முடியாது.

1896இல் சிகாகோவில் பழைய தபால் அலுவலகமும் சுங்கக் கட்டடமும் சேர்ந்த பெரிய கூட்டாட்சி அரசுக் கட்டடத்தை இடித்தார்கள். மில்வாக்கியின் தெற்குப் பக்கம் போலிஷ் பங்கை நடத்திய வில்ஹெல்ம் க்ரூட்சா சாமியார் அந்தக் கல், தூண், கதவு, அலங்காரக் கைப்பிடி வரை எல்லாவற்றையும் 20,000 டாலருக்கு வாங்கி, 500 ரயில் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்தக் கல்லை வைத்து ரோமில் உள்ள பேதுரு கோவில் மாதிரி குவிமாடம் வைத்த கோவிலைக் கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டியதில் பெரும்பகுதி பங்கு மக்களின் இலவச உழைப்பு. பகல் முழுக்கத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்து தோண்டினார்கள். 1901 ஜூலையில் மந்திரித்தார்கள், சில வாரத்திலேயே க்ரூட்சா இறந்துவிட்டார். கடன் மட்டும் நின்றது. வீட்டை அடமானம் வைத்துப் பங்குக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1910இல் பிரான்சிஸ்கன் சபை வந்து பொறுப்பேற்ற பிறகுதான் மூச்சு விட முடிந்தது. 1929இல் பசிலிக்கா (போப் சிறப்புத் தகுதி கொடுத்த கோவில்) ஆனது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடனைப் பற்றி ‘குரியர் போல்ஸ்கி’ என்ற போலிஷ் நாளிதழ் எழுதித் தள்ளியது. மிகேல் க்ருஷ்கா அதன் ஆசிரியர். அவருடைய சகோதரர் வாட்ஸ்வாவ் க்ருஷ்கா ஒரு சாமியார். போலிஷ் ஆயர்கள் வேண்டும் என்று ரோம் வரை போய் மனுக் கொடுத்தவர். 1912இல் விஸ்கான்சின் பகுதி ஆயர்கள் ஒன்றுசேர்ந்து அந்தப் பத்திரிகையைக் கத்தோலிக்கர்கள் படிக்கவே கூடாது, படித்தால் பாவமன்னிப்பு கிடையாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். கணக்குக் கேட்டதற்குத் தண்டனை இது. மேற்குக்காற்று சார் சொல்லும் பாதுகாப்பு இதுதானா?

அருள்மொழி

எல்லோரும் சாமியார்களையும் ஆயர்களையும் பத்திரிகை ஆசிரியர்களையும் பற்றியே பேசுகிறீர்கள். பெண்கள் சண்டையில் மட்டும்தான் வருகிறார்கள். டெட்ராய்ட்டில் பீடத்திலிருந்து விரட்டினார்கள், சிகாகோவில் போலீஸ் கண்ணில் மிளகாய்த்தூள் போட்டார்கள் (1895, செயிண்ட் ஹெட்விக் பங்கு, அதையும் யாராவது எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன்). மற்ற நாளெல்லாம் அவர்கள் எங்கே இருந்தார்கள்?

ஸ்தனிஸ்லாஸ் பள்ளியைப் பாருங்கள். உச்சத்தில் சுமார் 4,000 பிள்ளைகள். நோட்டர்டாம் பள்ளிச் சகோதரிகள் நடத்தினார்கள். ஒரு வகுப்பில் எண்பது, நூறு பிள்ளைகள் என்பதெல்லாம் அந்தக் காலப் பங்குப் பள்ளிகளில் சாதாரணம். மறைக்கல்வியும் போலந்து வரலாறும் போலிஷில், கணக்கும் வேறு பாடங்களும் ஆங்கிலத்தில். அந்தக் கன்னியருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். அரசுப் பள்ளி ஆசிரியைக்குக் கிடைத்ததோடு ஒப்பிடவே முடியாது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளை போலிஷ் பேசியது, பாட்டியோடு சேர்ந்து ஜெபம் சொன்னது, பிறகு ஆங்கிலத்திலும் எழுதி வேலைக்குப் போனது, எல்லாம் இவர்கள் உழைப்பு. பங்கின் பொன்விழா மலர்களைப் புரட்டினால் மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர், பீடம் கொடுத்த சங்கத்தின் பெயர், ஜன்னல் கொடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கும். வகுப்பில் நின்றவர்களின் பெயர் கடைசிப் பக்கத்தில் ஒரு குழுப்படத்தின் அடியில், அதுவும் துறவறப் பெயர் மட்டும்.

அப்புறம் ஜெபமாலைச் சங்கங்கள். பெண்கள் மாதச் சந்தா கட்டி, அதிலிருந்து சாவு வீட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். ஆலை விபத்தில் புருஷன் செத்தால் முதல் வாரம் அடுப்பெரிந்தது அந்தப் பணத்தில். பத்திரம் யார் பேரில் என்ற கேள்வியில் இவர்கள் பெயர் இரண்டு பக்கத்திலும் இல்லை. க்மினா போல்ஸ்கா ஜெயித்திருந்தாலும் இவர்களுக்கு ஓட்டு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

குறிஞ்சிமலர்

அக்கா, இந்த இழையிலேயே நல்ல பதிவு இதுதான். ஹெட்விக் கதையை நான் எழுதுகிறேன்.

1888இல் ஸ்தனிஸ்லாஸிலிருந்து பிரிந்து உருவான பங்கு. பங்குத்தந்தை ஜோசப் பார்ஜின்ஸ்கி, நம்ம வின்சென்ட்டின் தம்பி. அண்ணன் ஒரு பங்கு, தம்பி ஒரு பங்கு. மக்களுக்குப் பிடிக்கவில்லை. உதவிப் பங்குத்தந்தை அந்தோணி கோஸ்லோவ்ஸ்கி பின்னால் கூட்டம் சேர்ந்தது. 1895 பிப்ரவரியில் சாமியார் பங்களாவைக் கூட்டம் முற்றுகையிட்டது, அக்கா சொன்ன மிளகாய்த்தூள் அப்போதுதான். கடைசியில் பல நூறு குடும்பங்கள் வெளியேறிச் சகல புனிதர்கள் பங்கு என்று தனியாக வைத்தார்கள். கோஸ்லோவ்ஸ்கி 1897இல் சுவிட்சர்லாந்து போய் ரோமை விட்டுப் பிரிந்த ‘பழைய கத்தோலிக்கர்’ பிரிவினரிடம் ஆயர் பட்டம் பெற்று வந்தார்.

அதே 1897இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளும் இதையே கேட்டார்கள். பணம் எங்களது, நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று. ஆயர் மறுத்தார். பிரான்சிஸ் ஹோதுர் சாமியார் அவர்களோடு நின்றார், 1898இல் சபைநீக்கம் செய்யப்பட்டார். அதிலிருந்து வந்ததுதான் போலிஷ் தேசியக் கத்தோலிக்கத் திருச்சபை. தாய்மொழிப் பூசைக்கு வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம் (ஆயர்களின் பெருங்கூட்டம்) ரோமில் கூடுவதற்கு அறுபது ஆண்டு முன்பே தாய்மொழியில் பூசை வைத்தார்கள். 1907இல் கோஸ்லோவ்ஸ்கி இறந்தபின் அவருடைய பங்குகளில் பலவும் இதில் சேர்ந்தன.

பார்ஜின்ஸ்கியின் பங்கு வங்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மக்கள் சேமிப்பை வாங்கிக் கோவில் கட்டக் கடன் கொடுத்தார். 1893 பொருளாதார நெருக்கடியில் அது தள்ளாடியது.  ஒரே வாசல் என்று மேற்குக்காற்று சார் பெருமையாகச் சொன்னாரே, அந்த ஒரே வாசல் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம். இதே பங்கில்தான் பீட்டர் கியோல்பாசாவும் இருந்தார். 1891இல் சிகாகோ நகரப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதுவரை நகரப் பணத்துக்கு வரும் வட்டியைப் பொருளாளரே வைத்துக்கொள்வது வழக்கம், இவர் அதை நகரத்துக்கே திருப்பிக் கட்டினார். நேர்மை பீட் என்று பெயர் வந்தது. கணக்கு என்றால் என்னவென்று இந்த மக்களுக்கு நன்றாகவே தெரியும்.

மேற்குக்காற்று

வங்கி விஷயம் சரிதான், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஹோதுர் பக்கம் போனவர்கள் மொத்தப் போலிஷ் கத்தோலிக்கரில் சிறு பகுதிதான். மற்றவர்கள் கோபப்பட்டார்கள், சண்டை போட்டார்கள், ஆனால் ரோமை விட்டுப் போகவில்லை. அதையும் மதிக்க வேண்டும். அவர்கள் ஏமாளிகள் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்காகக் கோவில் கட்டியவர்களுக்கு அந்த உறவு பத்திரத்தைவிடப் பெரிது.

சண்டை எவ்வளவு தூரம் போனதென்றால் நாட்டளவில் இரண்டு அமைப்பாகவே பிரிந்தது. ஸ்தனிஸ்லாஸ் பக்கம் 1873இல் தொடங்கிய போலிஷ் ரோமன் கத்தோலிக்க யூனியன். திரித்துவக் கோவில் பக்கம் 1880இல் தொடங்கிய போலிஷ் தேசியக் கூட்டணி. அதில் யூதரும் சேரலாம், சோசலிஸ்டும் சேரலாம், போலந்து விடுதலைதான் முதல் நோக்கம். இரண்டும் போட்டி போட்டு ஆயுள் காப்பீடு விற்றன, நூலகம் வைத்தன, பத்திரிகை நடத்தின. இன்றும் இரண்டும் இருக்கின்றன. இந்தப் போட்டியால் சமூகத்துக்கு லாபம்தான் என்று குறிஞ்சிமலர் சொன்னால் நான் பாதி ஒத்துக்கொள்வேன்.

தச்சன்

நான் சாலைப் பொறியியல் ஆள், அதனால் எக்ஸ்பிரஸ்வே பற்றி மட்டும் எழுதுகிறேன். 1950களில் வடமேற்கு எக்ஸ்பிரஸ்வேக்கு (1963இல்தான் கென்னடி பெயர் வந்தது) முதலில் போட்ட திட்டத்தில் சாலை இந்தக் கோவில் மேலேயே போனது. உள்ளூர் போலிஷ் அரசியல்வாதிகளும் மக்களும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்தில் பாதை நகர்ந்தது. அதுதான் வண்டி ஓட்டும்போது தெரியும் வளைவு. ரோஸ்டென்கோவ்ஸ்கி குடும்பம் அந்தப் பங்கில்தான் இருந்தது. அப்பா ஜோ ஆல்டர்மேன் (நகர மன்ற உறுப்பினர்), மகன் டான் 1959 முதல் காங்கிரஸ் உறுப்பினர். சாலை 1960இல் திறந்தது.

கோவில் தப்பியது, ஆனால் வீடுகள் தப்பவில்லை. பங்கு மக்கள் குடியிருந்த தெருக்கள் வரிசையாகப் போயின. கோவிலைக் காப்பாற்றிய பங்கு தன் மக்களை இழந்தது. மிச்சம் இருந்தவர்களும் சிகாகோவின் மில்வாக்கி அவென்யூவை ஒட்டி வடமேற்கே நகர்ந்தார்கள். அந்த இடத்துக்குப் போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ குடும்பங்கள் வந்தன. இன்று அங்கே ஆங்கிலம், ஸ்பானிஷ், போலிஷ் மூன்றிலும் பூசை. இறை இரக்கத் திருத்தலமாக மாற்றி, 2008 முதல் ஒன்பது அடி உயர மரியாள் உருவத்தில் நற்கருணையை (பூசையில் மந்திரித்த அப்பத்தை) வைத்து ஆராதனை நடக்கிறது.

ஏரிக்கரை

தச்சன் சொன்னதோடு சேர்த்து: சிகாகோ பில்சன் பகுதியில் செயிண்ட் ஆடல்பர்ட். 1874இல் தொடங்கிய போலிஷ் பங்கு, 1914இல் கட்டிய இரட்டைக் கோபுரக் கோவில், கோபுரம் 185 அடி. பிறகு மெக்சிகோ மக்களின் பங்கானது. 2019இல் மறைமாவட்டம் (ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபை நிர்வாகம்) அதை மூடிவிட்டது. பழுதுபார்க்க ஆகும் செலவு தாங்காது என்று காரணம். 2022இல் உள்ளே இருந்த வியாகுல மாதா சொரூபத்தை வேறு கோவிலுக்கு எடுத்துப் போக வந்தபோது மெக்சிகோப் பாட்டிகளும் போலிஷ் குடும்பங்களும் சேர்ந்து வாசலில் நின்று எதிர்த்தார்கள். சொரூபம் போய்விட்டது. நூறு ஆண்டுக்கு முன் காசு போட்ட குடும்பமும் ஐம்பது ஆண்டாக மெழுகுவர்த்தி ஏற்றிய குடும்பமும் ஒன்றாக நின்றும், முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

மிச்சிகன்வாசி

அப்போ பத்திரம் மக்கள் பேரில் இருந்திருந்தால்? அப்படி ஒரு பங்கு இருந்தது. செயிண்ட் லூயியில், இதே ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பெயரில், 1880இல் தொடங்கியது. 1891இல் பேராயர் கென்ரிக் சொத்தைப் பங்கு மக்களின் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்தார். நூறு ஆண்டுக்கு மேல் எந்தப் பிரச்சினையும் இல்லை. 2000களில் பேராயர் ரேமண்ட் பர்க் அதை மற்றப் பங்குகள் மாதிரி மாற்றச் சொன்னார், மக்கள் மறுத்தார்கள், சாமியார்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 2005இல் மக்கள் தாங்களே ஒரு சாமியாரை வரவழைத்தார்கள். நிர்வாகக் குழுவையும் அவரையும் சபைநீக்கம் செய்தார் பர்க். 2012இல் நீதிமன்றம் சொத்து பங்கு மக்களுக்குத்தான் என்றது. 2013இல் மறைமாவட்டம் மேல்முறையீட்டைக் கைவிட்டது. பதிலுக்குப் பங்கு இனி தன்னை ரோமன் கத்தோலிக்கம் என்று சொல்லிக்கொள்ளாது என்று ஒப்பந்தம்.

மேற்குக்காற்று

பார்த்தீர்களா, கட்டடம் கிடைத்தது, திருச்சபை போனது. எந்தக் காரணத்துக்காகக் கட்டினார்களோ அது போனபிறகு செங்கல் எதற்கு? 1893இல் திரித்துவக் கோவில்காரர்கள் செய்ததுதான் எனக்கு முன்மாதிரி. வேண்டாத சபையை விலக்கினார்கள், ரோமை விட்டும் போகவில்லை.

குறிஞ்சிமலர்

அந்த 1893 தீர்வு சும்மா வரவில்லையே சார். இருபது ஆண்டு விடாமல் சண்டை போட்டதால்தான் சத்தோலி நோபிள் தெருவரைக்கும் வந்தார். 1874லேயே பணிந்திருந்தால் ஷ்துச்கோவும் இல்லை, இப்போது நிற்கும் 1906ஆம் ஆண்டுக் கோவிலும் இல்லை. செயிண்ட் லூயியில் உறவை முறித்தது யார் என்பதிலும் நாம் ஒத்துப்போக மாட்டோம். நூறு ஆண்டு ரோமன் கத்தோலிக்கப் பங்காக, பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, ஒழுங்காகத்தானே இருந்தார்கள்?

பாலைவழி

இரண்டு பேருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருடைய கொள்ளுத்தாத்தா இந்த ஸ்தனிஸ்லாஸ் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவராம். பதிவேடு கிடைக்குமா?

அருள்மொழி

கிடைக்கும் தம்பி. சிகாகோ மறைமாவட்டத்தின் பழைய பங்குப் பதிவேடுகள் ஃபேமிலிசர்ச் தளத்தில் படமாகவே இருக்கின்றன, 1920களின் நடுப்பகுதி வரை. பெயரை லத்தீன் வடிவில் தேடச் சொல்லுங்கள். வோய்ச்சியெக் என்று கூப்பிட்டவரை அடால்பெர்டஸ் என்று எழுதியிருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவோடு நிற்க வேண்டாம், பெற்றோரின் கல்யாணப் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். பல சாமியார்கள் அதில்தான் பெண் மாப்பிள்ளை இருவருடைய சொந்த ஊரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் அங்கிருந்து போலந்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். கையெழுத்து புரியாவிட்டால் படத்தை இங்கே போடச் சொல்லுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.